பத்துப் பேருக்கு ஒரு மேசை

வைகுண்டராஜ் ஆசாரியிடம் மேசை செய்யக் கொடுத்தது ஷமீமா செய்த இரண்டாவது பெரிய தப்பு. அடுத்த நோன்புப் பெருநாளுக்குள் மேசை வந்தே தீரும் என்று வீட்டில் எல்லார் முன்னாலும் வாயை விட்டது முதல் தப்பு.

வாயை விட்டதற்குக் காரணம் இருந்தது. போன நோன்புப் பெருநாளன்று மதியம் மூன்றரை மணிக்கு அவளுடைய மாமியார் நூர்னிசா அடுப்படியில் மயங்கி விழுந்தார். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டவர், அதன் பிறகு ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆண்கள் பந்தி முடிந்து, பிள்ளைகள் முடிந்து, பெண்கள் உட்கார்ந்தபோதும் அவர்தான் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார். வேளைக்குச் சாப்பிடாமல் இன்னொரு தடவை இப்படி விழுந்தால் எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமனார் சேக் முகைதீன் அதைக் கவனமாகக் கேட்டு, "கேட்டியாட்டி, வேளைக்குத் திங்கணுமாம்" என்று மனைவிக்கு எடுத்துச் சொன்னார். அதோடு அவருடைய பங்கு முடிந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுபடியும் அதே மூன்று பந்தி, அதே மூன்றரை மணி. மயக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஷமீமா ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் பில் போடுகிறவள். எதையும் ஒழுங்காகப் பட்டியல் போட்டுச் செய்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவள். ஒரே மேசை, ஒரே பந்தி. சட்டியெல்லாம் நடுவில் இருக்கும், வேண்டியதை அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். யாரும் நிற்க வேண்டாம். மாமி நேரத்தோடு சாப்பிடுவார். இதில் என்ன கஷ்டம்?

"பாய விரிச்சா இருவது பேரு உக்காரலாம். இதுக்குப் போயி மேசையா?" என்றார் சேக் முகைதீன். மூட்டுவலி வந்து இரண்டு வருஷமாகத் தரையில் உட்கார முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அவர்தான்.

பெரிய மேசையை வருஷம் முழுவதும் போட்டுவைக்கக் கூடத்தில் இடம் கிடையாது. தினமும் நாலு பேர் சாப்பிடும் அளவு, பெருநாளுக்கு இழுத்தால் நீளும் அளவு, அப்படி ஒன்று வேண்டும். கடையில் முதலில் ஒன்று வாங்கினார்கள். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. பிரியாணிச் சட்டியை வைத்ததும் நடுவில் தொய்ந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்த அன்றுதான் யாரோ ஸ்ரீவில்லிபுத்தூர் வைகுண்டராஜ் பெயரைச் சொன்னார்கள். ஆணியோ திருகோ இல்லாமல் மரத்தை மரத்தாலேயே பூட்டுகிற ஆள், ஆனால் கொஞ்சம் ஒரு மாதிரி என்றார்கள். கொஞ்சம் என்றதுதான் பொய்.

பட்டறை, மலைப் பெருமாளுக்குப் போகிற ரோட்டில் இருந்தது. ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடித்து ஷமீமா பஸ் ஏறிப் போனாள். ஆசாரிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"எத்தன பேரு?"

"பத்துப் பேரு, ஆசாரிண்ணே. மடக்குனா நாலு பேரு."

"பத்துன்னா எனக்கு என்ன தெரியும்? ஆளாளுக்கு அகலம் மாறும்லா. பேரையும் உடம்பையும் எழுதிக் குடு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த ஒரு நீளமான தேக்குக் கோலை எடுத்துக் காட்டினார். அதில் அங்குலக் கணக்கு எதுவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு தள்ளித் தள்ளி உளியால் ஒரு வெட்டு. அந்தக் கோலை மரத்தின் மேல் வைத்து அப்படியே அறுப்பாராம்.

"கடைக்காரன் ஆளுக்கு ரெண்டடின்னு அடிச்சு வுட்டுருவான். ஒல்லியா இருக்கவன் பக்கத்துல எடம் சும்மா கெடக்கும், தடியா இருக்கவன் பக்கத்துல முழங்கை இடிக்கும். என் வேலையில அப்படி வராது. எழுதும்மா."

பலகைக் குவியல் மேல் உட்கார்ந்து, பில் தாளின் முதுகில் அவள் எழுதினாள். எரிச்சலோடு எழுதினாலும் ஒழுங்காகத்தான் எழுதினாள். போன பெருநாளில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கண்ணை மூடி நினைத்து, பந்தி பந்தியாகப் பெயரை எடுத்தாள். மாமாவுக்குத் தொப்பை. சின்ன மாமாவுக்கு இடக்கைப் பழக்கம். ஆசாரி தாளை வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டி, சுவரில் மாட்டிவிட்டார்.

"எப்ப வாரது?"

"புரட்டாசி போகட்டும்."

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மலைப் பெருமாளுக்குக் கூட்டம் போகும், ரோட்டில் கால் வைக்க முடியாது. ஆசாரியும் பட்டறையைப் பூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது, ஷமீமா போக முடிகிற ஒரே நாள் சனிக்கிழமை. புரட்டாசி போனது. ஐப்பசியில் போனால், மழைக்காலத்தில் பலகைகளைப் பூட்டும் பள்ளமான காடியை வெட்டமாட்டாராம். மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும், இப்போது வெட்டினால் பங்குனியில் லொடலொட என்று ஆடும் என்றார். கார்த்திகையிலும் மழை பெய்தது. மார்கழியில் மழை இல்லை, அதற்குப் பதிலாக ஒரு கோவில் கதவு வேலை வந்துவிட்டது.

"ஏம்மா, போன் போட்டுக்கிட்டே இருந்தா மரம் காயுமா?" என்று கேட்டார். அவள் அன்று அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டிருந்தாள்.

வீட்டில் கேலி ஓயவில்லை. புருஷன் முஹம்மது அனஸ், "மேசை எந்த ஊரு வரைக்கும் வந்திருக்கு?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்பான். மாமி மட்டும் எதுவும் கேட்கமாட்டார். மேசை யாருக்காக என்பதே அவருக்கு எட்டியிருந்ததா என்று ஷமீமாவுக்குச் சந்தேகம். நோன்பு மாதம் தொடங்கியது. நோன்பு திறக்கிற பேரீச்சம்பழத்தைக்கூட நூர்னிசா வடைச்சட்டிக்கு முன்னால் நின்றபடிதான் வாயில் போட்டுக்கொண்டார். ஷமீமாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அதையும் ஆசாரி மேலேயே போட்டாள்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் குட்டி யானை வண்டியில் மேசை வந்து இறங்கியது. கூடவே ஆசாரியும் வந்தார். அதைக் கூடத்தில் வைத்து அவர் இழுத்துக் காட்டியபோது கேலி பேசியவர்களே கிட்டே வந்து நின்று பார்த்தார்கள். அடியில் விரிந்து மேலே குறுகிய காடிக்குள் அதே வடிவத்தில் வேங்கைச் சட்டம் ஓடியது. கழன்று மேலே வர வழியே இல்லை. இரண்டு பாதியும் சத்தமில்லாமல் விலகின. நடுவில் பிறந்த இடைவெளியில், அடியிலிருந்து இன்னொரு பலகையை எடுத்து வைத்தார். அதன் விளிம்பு நாக்கு காடிக்குள் இறங்கியதும், சந்து எங்கே என்று விரலால் தடவினாலும் அகப்படவில்லை. சேக் முகைதீன் குனிந்து ஆணியைத் தேடினார். மூங்கில் முளைகள்தான் இருந்தன.

"பத்து நாற்காலி போடுங்க. ஒரு விரக்கடை மிச்சமும் வராது, பத்தாமலும் போவாது" என்று சொல்லிவிட்டு ஆசாரி டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். ஏழு மாதப் பாடு அன்று ஷமீமாவுக்கு மறந்தது. இந்தப் பெருநாளைக்கு மாமி ஒரு மணிக்குச் சாப்பிடுவார்.

பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து, சொந்தமெல்லாம் கூடி, பிரியாணியும் சால்னாவும் தால்ச்சாவும் மேசை நடுவில் ஏறின. மணி ஒன்று. சேக் முகைதீன் தலைப்பக்கம் உட்கார்ந்தார். அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் உட்கார்ந்தார்கள், தங்கையும் மச்சானும் உட்கார்ந்தார்கள். பெரிய மகன் ஷமீர், அவன் மனைவி அல்ஃபியா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அனஸ். ஆசாரி சொன்னது நிஜம், யாருக்கும் முழங்கை இடிக்கவில்லை. சேக் முகைதீனுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"மாமி, வந்து உக்காருங்க" என்றாள் ஷமீமா.

"நீ உக்காரு. நான் அப்பளத்தப் பொரிச்சிட்டு வாரேன்."

"அப்பளம் வேண்டாம். ரெண்டு பேரும் உக்காருவோம்."

சொன்ன பிறகுதான் பார்த்தாள். இரண்டு பேர், ஒரு நாற்காலி. அனஸ் உள்ளே போய் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நெருக்கி அடித்த நாற்காலிகள், மூலையில் மேசைக்கால். ஸ்டூலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான்.

"இதுக்குத்தான் பொறவு உக்காருதேன்னு சொல்லுதேன். சாப்பிடுங்க, ஆறிப் போவுது" என்று நூர்னிசா கரண்டியை எடுத்தார்.

ஷமீமாவுக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஏழு மாதம் இழுத்தடித்து, கடைசியில் அளவையும் தப்பாகச் செய்திருக்கிறார் அந்த மனுஷன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுக் கூப்பிட்டாள்.

"ஆசாரிண்ணே, பத்துப் பேருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இப்ப ஒரு ஆளுக்கு எடம் கொறயுதே."

"இரு" என்றார் ஆசாரி. கண்ணாடியைத் தேடுகிற சத்தம் கேட்டது. "ஒன் தாளு இங்கதான் தொங்குது. வாசிக்கேன். ஒண்ணு, சேக் முகைதீன். தொப்பை. காலை அகட்டி உக்காருவாரு. தலைப்பக்கம் முழுசும் அவருக்கு. ரெண்டு, அவரு தம்பி, இடக்கை. மூணு, தம்பி சம்சாரம். நல்ல பருமன்."

சின்ன மாமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஷமீமாவைப் பார்த்தார். போனை அணைத்துவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. ஆசாரி நிறுத்துவதாக இல்லை. தங்கை வந்தார், மச்சான் வந்தார், ஷமீர் வந்தான், அல்ஃபியா வந்தாள், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி, இரண்டடி.

ஷமீமா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பது விரல் மடங்கியிருந்தது. பத்தாவது அனஸ்.

"பத்தாச்சு. கீழ தனியா ஒரு வரி கெடக்கு. ஷமீமா, ஒல்லி, எங்கயாவது ஒடுங்கிக்கிடுவேன். எங்கயாவதுன்னு என் கோல்ல வெட்டு கெடயாது தாயி, அதனால ஒனக்கு ஒண்ணரை அடி நானாத்தான் சேத்து வெட்டுனேன். பத்துக் கேட்ட, பதினொண்ணு வச்சிருக்கேன். பதினொண்ணும் இருக்கா, இல்லையா?"

இருந்தது. அவர் விட்ட ஒன்றரை அடிதான் அந்தக் காலி நாற்காலி நிற்கிற இடம். பிள்ளைகள் இருவரும் ஒரே நாற்காலியை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பன்னெண்டாவது யாரு?" என்று கேட்டார் ஆசாரி.

ஷமீமாவுக்கு முகம் சூடாகியது. போன பெருநாளில் உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் அவள் ஒருவர் விடாமல் எழுதியிருந்தாள். உட்காராதவரை எழுதவில்லை. யாருக்காக இவ்வளவு தூரம் அலைந்தாளோ அவர் பெயரைத் தன் கையாலேயே விட்டிருந்தாள். இத்தனை நாள் மாமனாரை, புருஷனை, ஆசாரியை மனசுக்குள் திட்டியதெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது. வெட்கமாக இருந்தது.

"எங்க மாமி. நூர்னிசான்னு பேரு. நான்தான் விட்டுட்டேன்."

"சரி. அவிய எம்புட்டு எடம் புடிப்பாவ?"

ஷமீமா திரும்பிப் பார்த்தாள். ஆறு வருஷமாக ஒரே வீடு. மாமி சேலைக்கு எந்தக் கரை பிடிக்கும், எந்தக் காலில் வலி என்றெல்லாம் தெரியும். நாலு பேரோடு சேர்ந்து உட்கார்ந்தால் எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியவில்லை. மேசையைச் சுற்றி இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது.

"பொறவு போடுதேன், ஆசாரிண்ணே" என்று போனை வைத்தாள்.

மாமியின் கையிலிருந்த கரண்டியை வாங்கிச் சட்டியில் போட்டாள். தோளைப் பிடித்து அழுத்தித் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒன்றரை அடி அவருக்குப் போதவில்லை. ஒரு தோள் வெளியே நின்றது. தட்டில் பிரியாணியைப் போட்டதும் அவர் பழக்கத்தில் நல்ல கறித்துண்டை எடுத்து அனஸ் தட்டில் வைத்தார். ஷமீமா வேறு ஒன்றை வைத்தாள். அதை எடுத்து ஷமீர் பிள்ளைக்கு வைத்தார்.

"மாமி, தின்னுங்க" என்றாள் ஷமீமா. கொஞ்சம் அதட்டலாகவே வந்தது. நூர்னிசா ஒரு வாய் எடுத்தார்.

சேக் முகைதீன் தலையைத் தூக்காமல் தட்டை வலது பக்கமாகப் பின்னால் நீட்டினார். "சால்னா" என்றார்.

அங்கே எப்போதும் நிற்கிறவர் இப்போது அவர் முழங்கையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். பதறி எழுந்திருக்கப் போனார். ஷமீமாவின் கை தோளில் இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. அந்தக் கையை எடுத்து ஷமீமா சால்னா ஊற்றியிருக்கலாம். ஊற்றவில்லை. தட்டு காற்றில் நின்றது. சால்னாச் சட்டி கைமாறி மேசையின் அந்தக் கோடிக்கு, அவருடைய தம்பி பக்கத்தில் போயிருந்தது.

"யாரும் இல்லையா?" என்று அவர் திரும்பிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிறகு முனகிக்கொண்டு, மூட்டைப் பிடித்தபடி எழுந்து, சால்னா எடுக்க நடந்தார்.

"மாமி, அங்கிட்டு நகந்து உக்காருங்க" என்றாள் ஷமீமா. "எடம் தாராளமா இருக்கு."

நூர்னிசா கொஞ்சம் யோசித்தார். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு தலைப்பக்கம் நகர்ந்து, இரண்டு முழங்கையையும் மேசையில் வைத்து உட்கார்ந்தார். ஷமீமா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சேக் முகைதீன் ஒரு கையில் தட்டும் மறு கையில் சட்டியுமாகத் திரும்பி வந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

"செத்த நேரம் நில்லுங்க மாமா" என்றாள் ஷமீமா. "நாங்க சாப்பிட்டு எந்திரிச்சிருதோம்."

அனஸ் தலையைக் குனிந்துகொண்டான். நூர்னிசா எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் புருஷனை ஏறிட்டுப் பார்த்து, வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"சட்டியக் கீழ வைங்க, கை சுட்டுறப் போவுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வாயை எடுத்தார்.