ஈரத்தில் எழுந்த முகம்

பஞ்சகெந்திலிருந்து தலைநகர் துஷான்பேக்கு மஸ்தூரா பேருந்தில் இடிபட்டு வந்தது ஒரே ஒரு பழைய சுவர்ப்படத்தைப் பார்க்கத்தான். முப்பது வருடமாக லெனின்கிராடில் கிடந்தது, இப்போதுதான் இங்கே அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கிறதாம். அதைப் பார்க்காமல் கண்ணை மூட அவளுக்கு மனமில்லை.

முப்பது வருடத்துக்கு முன்னால் அவள் இளம் விதவை. போருக்குப் போன புருஷன் சங்கின் திரும்பவில்லை. வீட்டில் அவனுடைய புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. அவன் முகமும் நாளுக்கு நாள் நினைவிலிருந்து நழுவிக்கொண்டே போனது. அதுதான் அவளை அரித்தது. மேட்டில் பழைய நகரத்தைத் தோண்டுகிறார்கள் என்று கூலிக்குப் போனவள், அங்கே ஒரு மண்சுவரில் தீட்டிய படத்தில் அவனைப் பார்த்தாள். விருந்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண், அச்சு அசல் சங்கினின் ஜாடை. பிறகு காய்ச்சலானாலும் அவள் வேலைக்கு மட்டம் போடவில்லை.

"என்னக்கா, சுவத்துக்காரரு டீ குடிச்சாச்சா?" என்று மண் சுமக்கிற நாசிர் சீண்டுவான்.

"அவருக்கு ஊத்திட்டுதான் உனக்கு. போடா, வேலையப் பாரு."

அந்தப் படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்த லிதியாவும் சிரிப்பாள். லெனின்கிராட்காரி, பல கோடைகள் வந்து வந்து ஊர்ப்பேச்சு பழகியவள். வெயில் பட்டால் சுவரின் நிறம் போய்விடும் என்று அவளுக்கு எப்போதும் அவசரம்.

ஒருநாள் காலை, மேலதிகாரிகள் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். விருந்தாளி வரும்போது தண்ணீர் தெளிக்காமல் பெருக்குகிற பெண் பஞ்சகெந்தில் உண்டா? மஸ்தூரா வாளியோடு போய் வீட்டு முற்றத்தைப் போலவே அள்ளித் தெளித்தாள். சுவரிலும் பட்டது. நிறங்கள் பளீரென்று எழுந்தன. ஒரு கணம் சங்கின் உயிரோடு அவளைப் பார்த்தான். அடுத்த கணம் நெற்றி சேறாகி வழிந்தது. இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். விரலிடுக்கில் வழிந்தது.

அலறல் கேட்டு ஓடிவந்த லிதியாவுக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் திட்டவில்லை.

"அழாதக்கா. புருவம்தான் நான் இன்னும் வரையல. தெனமும் பாத்தவ நீதானே, எப்படி இருந்துச்சு, சொல்லு."

மஸ்தூரா கண்ணை மூடினாள். எத்தனையோ வருடம் கழித்து புருஷன் முகம் முழுசாக வந்து நின்றது.

"ரெண்டும் ஒட்டியிருக்கும். இடது ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு..." மேலே சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

இன்று கண்ணாடிக்குப் பின்னால், லிதியா வரைந்ததைப் பார்த்துச் சீர்செய்த சுவரில், அதே புருவம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பெண் விளக்கிக்கொண்டிருந்தாள்: "இவரு அந்தக் காலத்துப் பெரிய பிரபு. புருவத்துல பாருங்க, வாள் பட்ட வெட்டு!"

பிள்ளைகள் நகரும்வரை மஸ்தூரா காத்திருந்தாள். பிறகு கண்ணாடிக்கு நெருங்கிப் போய், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"மல்பெரி மரத்துல ஏறாதய்யா, ஏறாதய்யான்னு சொன்னேன். கேட்டியா?"