துலூஸிலிருந்து வந்த வீடு

1987ஆம் ஆண்டு மாசி மாதத்தில், பிரான்சின் துலூஸ் நகரத்து மாளிகையொன்றின் கல் யன்னல், லண்டன் வெம்பிளியில் மெற்றில்டா வாடகைக்கிருந்த வீட்டின் குசினிச் சுவருக்கு வந்து சேர்ந்தது. நடுவில் சிலுவைபோலக் கல் நிறுத்திய ஆளுயர யன்னல். வெம்பிளியில் பனி கொட்டிக்கொண்டிருக்க, அதன் வழியாகத் துலூஸ் வெயில் உள்ளே விழுந்தது. மெற்றில்டா ஈர உடுப்புகளை அந்த வெயிலில் விரித்துப் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனாள்.

அது எங்கேயிருந்து வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. முந்தின ஞாயிறுதான் அவளுடைய புருசன் கிறிஸ்துராஜா அதைப் பற்றித் தொலைபேசியில் சொல்லியிருந்தான். மன்னாரிலிருந்து புருசனும் பெண்சாதியுமாகப் புறப்பட்டவர்கள் பாரிஸ் விமான நிலையத்தில் பிரிந்துபோனார்கள். அவள் லண்டன் விமானத்தில் ஏறிவிட்டாள். அவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேருடைய அகதி வழக்குகளும் இரண்டு நாட்டில் இழுபட்டன. முடிவு வருமுன் யார் எல்லை தாண்டினாலும் வழக்குப் போய்விடும். அவன் துலூஸுக்குப் போய் உணவகமொன்றில் கோப்பை கழுவினான். அந்தப் பழைய மாளிகையின் உச்சியில் அவனுக்கு ஓர் அறை கிடைத்தது.

அவன் பேசுவது தெருவோரத் தொலைபேசிக் கூண்டிலிருந்து, முதுகுக்குப் பின்னால் ஆட்கள் காத்து நிற்க. அவள் பேசுவது வாடகை வீட்டின் நடைபாதையில், மற்ற அறைக்காரர் கேட்டுக்கொண்டிருக்க. பேச வேண்டியதை அப்படி நின்று பேச முடியவில்லை. அதனால் அவன் வீட்டைப் பற்றிப் பேசினான். நீலச் சாயம் விற்றுப் பெருத்த வியாபாரி ஒருவன் அதைக் கட்டினானாம். செங்கல் மலிவு, கல்லுக்குத் தூரம் போகவேண்டும் என்பதால் சுவரைச் செங்கல்லிலும், ஊர் பார்க்கிற இடங்களையெல்லாம் கல்லிலும் கட்டினானாம். மாடிக்கு மாடி தூண்களின் பாணியை மாற்றினானாம். பிறகு இந்தியாவிலிருந்து கப்பலில் அவுரி நீலம் வந்திறங்க, வியாபாரம் படுத்துவிட்டது. உச்சி மாடியைப் பலகையால் மூடிவிட்டுச் செத்துப்போனானாம்.

அவன் சொன்னவை எல்லாம் வந்தன. சுழல் படிக்கட்டுக் கோபுரம் அடுத்த வருசம் கொல்லைப்புறத்தில் எழும்பியது. பிறகு வளைவுகளோடு முற்றம் வந்தது. வட்டச் சட்டங்களுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கல் முகங்கள் வந்தன. கவுன்சில்காரர் வந்து அளந்தார்கள். அனுமதியில்லாமல் கட்டியதை இடிக்கலாம், ஆனால் இது கட்டி நானூற்றைம்பது வருசம் ஆகிவிட்டதால் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சவுத்தாலிலிருந்தும் சட்டனிலிருந்தும் கலியாணச் சோடிகள் அங்கே படம் எடுக்க வந்தார்கள். மெற்றில்டா அவர்களுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். துலூஸில் வீட்டுக்காரி, படிக்கட்டு போன இடத்தில் கிறிஸ்துராஜாவுக்கு ஓர் இரும்பு ஏணி சாத்திக் கொடுத்தாள்.

1994இல் மாளிகை முழுவதும் வெம்பிளியில் நின்றது, அவனுடைய அறையைத் தவிர. வேலை முடிந்து வந்ததும் மெற்றில்டா படிக்கட்டில் ஏறிப் போவாள். கடைசிப் படி ஆகாயத்தில் முடியும். அதில் நின்று, மேலே ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துவிட்டு இறங்குவாள். ஒரு ஞாயிறு அவள் கேட்டாள்:

“உங்கட அறையைப் பற்றி ஏன் ஒண்டும் சொல்லுறேல்லை?”

“நல்ல அறைதான். பெரிசு.”

“பொய் சொன்னா வராதப்பா.”

அவனுக்குப் பின்னால் நின்றவர் கூண்டைத் தட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

“நிமிர்ந்து நிக்க ஏலாது, மெற்றில்டா,” என்றான். “மழைக்கு ஒழுகும். கட்டில் ஒடுக்கம். எண்டாலும் சுவரோட ஒட்டித்தான் படுக்கிறனான். மற்றப் பக்கம் உமக்கெண்டு விட்டிருக்கிறன். ஒன்பது வருசமா அப்பிடித்தான்.”

அவள் தொலைபேசியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நடைபாதையில் யார் நின்றார்கள், யார் கேட்டார்கள் என்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை கடைசிப் படிக்கு மேலே ஒரு பலகைக் கதவு இருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவன் சுவரோடு ஒட்டி நித்திரையாகக் கிடந்தான். தலை பாதி நரைத்துப் போயிருந்தது. எழுப்ப மனமில்லாமல் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். வெயில் ஏறக் கண் திறந்தவன் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

“எப்ப வந்தனீர்?” என்று கேட்டான்.

“இப்பதான்.”

இது வெம்பிளி என்பதைப் பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். அவன் அவசரமாக எழும்பினான், முதன்முதலாக வீட்டுக்கு வந்தவளைக் கவனிப்பதுபோல.

“பார்த்து எழும்பும்,” என்றான். “கூரை பதிஞ்சு கிடக்கு. தலையில அடிபடும்.”