நான்கு விரல் வழி

என் நாத்தனாருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவருடைய அலுவலகத்தில் நாற்பது பேர் நேர்மாறாக நம்பிக்கொண்டிருந்தார்கள். கைவேலை என்றால் மேடம்தான் என்று அங்கே பேச்சு. அந்தக் கை என்னுடையது.

அவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இங்கேயும் 'அவர்' என்றுதான் எழுதப் போகிறேன். மரியாதை மனதிலிருந்து வருகிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், வெறும் பழக்கதோஷம்.

வியாழக்கிழமை ஆனால் போன் வரும். அலுவலகத்தில் யாருக்காவது குழந்தை பிறந்திருக்கும், யாராவது ஓய்வு பெறுவார்கள், யாராவது மாற்றலாகிப் போவார்கள்.

"உன் துணி யானை ஒண்ணு வேணும். நீ வீட்ல சும்மாதானே இருக்க, உனக்கும் பொழுது போகும்" என்பார்.

இந்தச் 'சும்மா'வை ஒரு நாள் அவருக்கு விரித்துக் காட்ட வேண்டும். நாலு வயதுப் பெரியவளை எழுப்பி, இடம் வலம் மாற்றிப் போட்ட செருப்பைக் கழற்றி மாட்டி, பள்ளியில் விட்டு வந்து, பத்து மாதச் சின்னவனைக் குளிப்பாட்டித் தூங்கவைத்தால் எனக்குக் கிடைப்பது ஒன்றேகால் மணி நேரம். அதற்குள் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அலமாரி உச்சியிலிருந்து தையல் மெஷினை இறக்கி, துணியை விரித்துத் தைக்க வேண்டும். அவன் சிணுங்குகிற சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் அள்ளி மறுபடி உச்சியில் ஏற்ற வேண்டும். தைத்த நேரத்தைவிட ஏற்றி இறக்கிய நேரம் அதிகம். இதைத்தான் அண்ணி பொழுதுபோக்கு என்கிறார்.

குண்டூசிக்குத் தனிக் கணக்கு. பன்னிரண்டு எடுத்தால் பன்னிரண்டும் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். சின்னவன் தவழ்கிறான், கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குத்தான். ஒரு நாள் பதினொன்றுதான் இருந்தது. பெரியவளும் நானும் முட்டி போட்டு வீடு முழுக்கத் தரையைத் தடவினோம். கடைசியில் பார்த்தால் என் சட்டைக் கையிலேயே குத்தியிருந்தது. அதுவரை என் உயிர் என்னிடத்தில் இல்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, ஒரு மேஜை. எடுத்துவைக்க வேண்டாத மேஜை. பாதி தைத்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய், மறுநாள் வந்து, அதே இடத்தில் அதே ஊசியை எடுத்துத் தொடர வேண்டும். நகை நட்டு கேட்டிருந்தால்கூட வீட்டில் யாருக்காவது புரிந்திருக்கும். இது யாருக்கும் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தார். வாயெல்லாம் பல்.

"குழந்தைங்க நூலகம் ஒண்ணு இருக்குல்ல, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல. அதை நடத்துற அம்மா எங்க ஆபீஸ் பொண்ணு வீட்ல நம்ம யானையைப் பாத்திருக்காங்க. அசந்துட்டாங்களாம். சனிக்கிழமை காலையில கைக்குழந்தை வச்சிருக்கிற பொண்ணுங்களுக்குத் தையல் சொல்லித் தரணுமாம். மாடியில தனி ரூம், பெரிய மேஜை. வாரம் பூரா அந்த ரூமை நாமளே வச்சுக்கலாம்னுட்டாங்க."

"என்னையா கூப்பிட்டாங்க அண்ணி?"

"உன்னை எதுக்குக் கூப்பிடுறாங்க? என்னைத்தான். நான்தானே தைச்சேன்னு..." அண்ணி நிறுத்திக்கொண்டார். நான் அவரையே பார்த்தேன். "அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. இத்தனை நாள் கழிச்சு இல்லைன்னா நல்லாருக்குமா? நீ அந்த யானையை மட்டும் எனக்குச் சொல்லிக் குடு. சும்மா ஒரு மணி நேரம் போதும், நான் கற்பூரம் மாதிரி பிடிச்சுக்குவேன்."

இரண்டு வருடத்தில் எத்தனை யானை, எத்தனை குட்டி மெத்தை, எத்தனை ஊசிமெத்தை. ஒன்றில்கூட என் பெயர் போய்ச் சேரவில்லை. போனது போகட்டும், என் மேஜையும் சேர்ந்தல்லவா போகிறது. என் கணவரைப் பார்த்தேன். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பத்து மாடி உயரத்தில் நைந்த கம்பியைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார். வீட்டுக்குள் நைந்தது எதுவும் அவர் காதில் விழாது.

"அக்காதானே, விடேன்" என்றார்.

விட்டேன். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்தேன். யானை வடிவத்தில் இரண்டு துணி வெட்ட வேண்டும். நல்ல பக்கம் இரண்டும் உள்ளே ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, ஓரத்தைச் சுற்றித் தைக்க வேண்டும். ஆனால் வயிற்றில் நான்கு விரல் அகலத்தைத் தைக்காமல் விட வேண்டும். அந்த வழியாகத்தான் உள்ளே இருக்கும் நல்ல பக்கத்தை வெளியே திருப்பி எடுப்பது, அந்த வழியாகத்தான் பஞ்சு அடைப்பது. வழி விடாமல் தைத்தால் அது யானை இல்லை, வாயடைத்த துணி.

"வயித்துல நாலு விரல் விடணும் அண்ணி" என்றேன்.

"ம்" என்றார் போனைப் பார்த்தபடி.

"நாலு விரல், மறந்துடாதீங்க."

"புரியுது புரியுது. நான் என்ன சின்னக் குழந்தையா?"

இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் தைத்துப் பார்க்கவும் இல்லை. நான் தைத்து முடித்ததைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பி, "இவ்வளவுதானா" என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சனிக்கிழமை கூடமாட ஒத்தாசைக்கு என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு போனேன். அந்த அறையைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. இரண்டு பக்கமும் ஜன்னல். நடுவில் மரமேஜை, எட்டு அடிக்குக் குறையாது, ஒரு மூலையில் யாரோ எப்போதோ பசை கொட்டிய தடம். சுற்றிலும் பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு இளம் தாய்மார்கள், பாதிப் பேர் மடியில் குழந்தை. நான் மூலையில் தரையில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளை மேய்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு ஒதுக்கிய பதவி.

அண்ணி மேஜைத் தலைமாட்டில், தனக்கென்று தனியாகப் போட்டிருந்த நாற்காலியை ஒட்டி நின்றார். "தையல்ங்கிறது ஒரு தியானம். முதல்ல மனசை அமைதியா வச்சுக்கணும்" என்று ஆரம்பித்தார். கால் மணி நேரம் தியானம் ஓடியது. ஊசி எடுக்கும் கட்டம் வந்ததும், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் தன் ஊசியையும் நூலையும் நீட்டி, "நீங்க கோத்துக் காட்டுங்க பாப்போம், நீங்கதானே கத்துக்கணும்" என்றார். இந்தச் சாமர்த்தியத்துக்கு நான் மனதுக்குள் எழுந்து நின்று கைதட்டினேன்.

எல்லோரும் தைத்தார்கள். உள்ளங்கை அளவு யானை, கைத்தையல், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சுற்றிச் சுற்றித் தைத்து, தொடங்கிய இடத்துக்கே வந்து முடிச்சுப் போட்டார்கள். பன்னிரண்டு பேரும். அண்ணியோடு சேர்த்துப் பதின்மூன்று. ஒரு யானைக்கும் வழி இல்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்லப் போவதில்லை, இரண்டு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் உட்கார்ந்திருந்ததே இல்லை.

கண்ணாடி போட்ட பெண் கேட்டாள். "மேடம், பூப்போட்ட பக்கம் உள்ள போயிடுச்சே. இதை இப்ப எப்படித் திருப்புறது?"

அண்ணி தன் யானையைப் புரட்டிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அது அரை நிமிடம்தான். அலுவலகத்தில் சும்மாவா மேலே வந்தார்.

"திருப்பக் கூடாது. தையல் வெளியில தெரியணும். இதுதான் இப்போ புது மாடல். அப்பத்தான் கையால செஞ்சதுன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியும்."

"ஓ" என்றார்கள் பன்னிரண்டு பேரும். ஒருத்தி அதை நோட்டில் வேறு எழுதிக்கொண்டாள். சிரிப்பை அடக்கச் சின்னவனின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"அப்ப பஞ்சு?" என்றாள் கண்ணாடிக்காரி. விடுவதாக இல்லை.

அண்ணி கத்தரிக்கோலை எடுத்தார். யானை வயிற்றில் நடுவாகக் கறுக்கென்று வெட்டினார். பஞ்சை அடைத்தார். வெட்டிய இடம் பிதுங்கிக்கொண்டு நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தார். ஜன்னலோரம் நூலகப் பதிவேட்டின் மேல் ஒரு ஸ்டேப்ளர் இருந்தது. "நாலு பின் அடிச்சா முடிஞ்சது" என்றார்.

க்ளக், க்ளக், க்ளக், க்ளக்.

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அண்ணி அந்த யானையைப் பக்கத்துப் பெண்ணின் மடியில் இருந்த குழந்தையிடம் நீட்டினார். எட்டு மாதம் இருக்கும் அதற்கு. எந்த எட்டு மாதக் குழந்தையும் செய்வதைத்தான் செய்தது, யானையை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது.

"அதை வாங்குங்க. குழந்தைகிட்ட இருந்து அதை வாங்குங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வாங்குவதற்குள் நானே பிடுங்கிவிட்டேன். குழந்தை வீறிட்டது. அறை முழுக்க என்னைப் பார்த்தது.

ஊசி முனையால் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து உள்ளங்கையில் போட்டேன். மூன்றுதான் இருந்தது.

"அவ்வளவுதான், எடுத்தாச்சுல்ல" என்றார் அண்ணி.

"நாலு சத்தம் கேட்டுச்சு."

பஞ்சு முழுவதையும் வெளியே இழுத்து மேஜையில் பரப்பி விரலால் தடவினேன். நாலாவது பின் மடங்காமல் பஞ்சுக்குள் நுழைந்திருந்தது. அதைப் பார்த்ததும் குழந்தையின் அம்மா பிள்ளையைத் தோளில் சாய்த்து இறுக்கிக்கொண்டாள். நான் யோசிக்காமல், காலியாக இருந்த அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகு என்ன செய்வது? கண்ணாடிக்காரியின் யானையை இழுத்து வயிற்றுத் தையலைப் பிரித்தேன். "நாலு விரல்" என்று கையை வைத்துக் காட்டினேன். அந்த வழியாக விரலை விட்டுத் தும்பிக்கையை, பிறகு கால்களை, பிறகு முதுகை வெளியே இழுத்தேன். பூப்போட்ட யானை முழுசாக வந்தது. "அட" என்றாள் அவள். பன்னிரண்டு யானைகளும் திரும்பின. கண்ணுக்கு நூலால்தான் முடிச்சுப் போட வேண்டும், பொத்தான் வைக்கக் கூடாது, வாயில் போனால் ஆபத்து என்று சொன்னேன். யாரும் தியானம் செய்யவில்லை. கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்கள்.

நூலகக்காரம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷி. "இவங்க யாரு?" என்றார்.

"என் தம்பி பொண்டாட்டி. நான்தான் பழக்கிவிட்டேன்" என்றார் அண்ணி, வாய் கூசாமல்.

நூலகக்காரம்மா வயிறு திறந்திருந்த ஒரு யானையை எடுத்து அண்ணியிடம் கொடுத்தார். "அப்ப இதை நீங்க மூடுங்க, நான் பாக்கிறேன்."

அண்ணி ஊசியைப் பார்த்தார், யானையைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது என்று பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

எல்லோரும் போன பிறகு நான் பழக்கத்தில் துணிகளை மடித்து, நூல்கண்டுகளை அள்ளி, மேஜையை ஒழித்துக்கொண்டிருந்தேன். நூலகக்காரம்மா சாவியை என் பக்கமாக நகர்த்தினார்.

"ஏம்மா எல்லாத்தையும் எடுக்கிற? அப்படியே கிடக்கட்டும். பூட்டிட்டுப் போ, நாளைக்கு வந்து தை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன். பெரியவள் என் முட்டியைத் தட்டி, "எங்கேம்மா குத்திச்சு?" என்று கேட்டாள்.

கீழே பஸ் நிறுத்தத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். அவசர வேலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தது போலிருக்கிறது.

"நீ வேணும்னுதான் சொல்லல" என்றார் என்னைப் பார்த்ததும்.

"ரெண்டு தடவை சொன்னேன் அண்ணி. மூணாவது தடவை வேணும்னுதான் சொல்லல."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். அவர்மேல் எனக்கிருந்த இளக்காரத்தில் ஒரு கைப்பிடியை எடுத்து என்மேலும் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பின் அந்தக் குழந்தையின் தொண்டைக்குப் போயிருந்தால் பாதிப் பழி என்னுடையது. மூலையில் உட்கார்ந்து குளுகுளுவென்று வேடிக்கை பார்த்தவள் நான். இதையும் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அவர் தேறிவிட்டார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. ஆபீஸ்ல இதெல்லாம் சொல்லிட்டிருக்காதே" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த மாசக் கடைசியில எங்க பெரிய ஆபீசர் ரிட்டயர் ஆகிறாரு. யானை நானே செஞ்சு தர்றேன்னு சொல்லித் தொலைச்சிருக்கேன். இந்த ஒரு தடவை மட்டும். அப்புறம் கேக்கவே மாட்டேன்."

சின்னவன் என் தோளில் தூங்கிப்போயிருந்தான். சாவி என் உள்ளங்கையில் சூடாகிக்கிடந்தது.

"மாசக் கடைசிக்குள்ள மூணு சனிக்கிழமை இருக்கு அண்ணி" என்றேன். "பத்து மணிக்கு வந்துடுங்க. பதிமூணாவது நாற்காலி போடச் சொல்றேன்."