ஒன்பதாம் கட்டில் பின்னால் வருகிறது

ஆண்கள் வார்டின் நான்காம் கட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே காலுக்கு, டியூட்டி முடிந்து கிளம்பிய தலைமை நர்ஸின் பின்னாலேயே நடந்துபோய் லிஃப்ட் வாசலில் நின்றது. சக்கரம் வைத்த கட்டில்கூட இல்லை; நாலு இரும்புக் கால்களோடு இருக்கும் பழைய கட்டில். படுத்திருந்தவருக்குத் தூக்கம் கலையவில்லை. தலைமை நர்ஸ் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அந்த நோயாளிக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அவர் மனைவி காலையில் சொன்னதை, அடுத்த டியூட்டி நர்ஸிடம் சொல்ல மறந்திருந்தார். திரும்பி வந்து சொன்னார். கட்டிலும் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றுகொண்டது.

அந்த வருஷம் ஆறு கட்டில்கள் நடந்தன. பராமரிப்பு ஆட்கள் கால்களைத் தட்டிப் பார்த்தார்கள், செங்கல் முட்டுக் கொடுத்தார்கள், சங்கிலி போட்டார்கள். கட்டில்கள் சங்கிலியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயின. தன்மேல் படுத்திருப்பவரைப் பற்றித் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் போகிறவர் பின்னால்தான் கட்டில் போகும் என்பது மெல்ல எல்லோருக்கும் பிடிபட்டது. நிர்வாகம் சுற்றறிக்கை விட்டது: டியூட்டி மாறும்போது டாக்டரும் நர்ஸ்களும் வட்டமாக நின்று, தெரிந்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னார்கள். கட்டில்கள் அடங்கின. அந்த வட்டத்துக்கு வெளியே ஒருத்தி தரை துடைத்துக்கொண்டிருந்ததை மட்டும் சுற்றறிக்கை எழுதியவர் கவனிக்கவில்லை. அவரைச் சொல்லி என்ன, யாருமே கவனிக்கவில்லை.

அவளை எல்லோரும் அக்கா என்றார்கள். எழுபது வயது நோயாளிகளும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நோயாளி பாத்ரூமில் தள்ளாடுவதைப் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். "உன் வேலையைப் பாரும்மா" என்றார் அவர். கோபமாகக்கூட இல்லை, ஈயை விரட்டுகிற மாதிரி. அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. அதற்கப்புறம் நான்கு வருஷத்தில் அவள் டாக்டர்களிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "பாத்து வாங்க சார், ஈரமா இருக்கு."

ஒன்பதாம் கட்டிலுக்கு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்து சேர்ந்தார். லேசான பக்கவாதம், எகிறிப்போன ரத்த அழுத்தம். மாத்திரை கொடுத்தார்கள், அழுத்தம் இறங்கவில்லை. இரண்டாக்கினார்கள், நான்காக்கினார்கள், அது இருந்த இடத்திலேயே இருந்தது. பெரிய டாக்டர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். கேஸ் ஷீட்டில் 'கொடுத்தாயிற்று' என்று வேளாவேளைக்கு டிக் விழுந்தது. கொடுத்தது உண்மைதான். டிரைவர் அதைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்திருந்து, நர்ஸ் நகர்ந்ததும் கட்டிலுக்கடியில் துப்பிவிடுவார். அக்கா கூட்டும்போது அதைப் பார்த்துவிட்டாள். கிழவர் உதட்டில் விரலை வைத்தார். "தொண்டையில அடைக்குதுக்கா. சொன்னா மூக்குல குழாய் சொருகிடுவாங்க, பக்கத்துக் கட்டில்ல பாத்தேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சொல்லிடாதீங்க." பாவமாக இருந்தது, தலையாட்டிவிட்டாள். ஆனால் மாத்திரைகளைக் குப்பையில் போட மனசு வரவில்லை. ஒரு கையுறைக்குள் போட்டு முடிந்து பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஒன்பதாம் கட்டில் அவள் பின்னால் வர ஆரம்பித்தது. துடைத்த இடத்திலெல்லாம் தடம் பதித்தது. அவள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே நின்று இடித்தது. மேலே உட்கார்ந்திருந்த டிரைவருக்கு ஒரே குஷி. "நர்ஸம்மா, ஒதுங்குங்க, வண்டி வருது! அப்படியே லெஃப்ட்ல ஒடிச்சுத் திருப்பு, திருப்பு!" தலைமை நர்ஸ் சிரித்தார். "கட்டிலுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. அக்காவுக்கு என்ன தெரியும்னு அவங்க பின்னாடி போகுது?" கட்டில் பழுது என்று எழுதிவைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை பெரிய டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். மாத்திரை கேட்கவில்லை, அதே மருந்தை, ஏற்றிவைத்த அதே கணக்கில், ஊசியாகவே போட்டுவிடலாம். அக்காவின் காதில் விழுந்தது. ஒரு மாத்திரைகூட இறங்காத உடம்பில் அத்தனையும் மொத்தமாக இறங்கினால் என்ன ஆகும் என்பது அவளுக்குப் படிக்காமலே புரிந்தது. சொன்னால் கிழவருக்குக் குழாய், இவளுக்கு இன்னொரு "உன் வேலையைப் பாரு". சொல்லாவிட்டால் மதியத்துக்குள் கட்டில் காலி. மாப்பைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நழுவினாள். அதுவரை நடந்தே வந்த கட்டில் அன்றைக்கு ஓடியது. அவளை முந்திப் போய் வாசலை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. பின்னாலேயே தலைமை நர்ஸ் ஊசியோடும், டாக்டர் எரிச்சலோடும் வந்தார்கள்.

"சார்" என்றாள். பழக்கதோஷத்தில் "ஈரமா இருக்கு" என்று வந்துவிட்டது. டாக்டர் காலைத் தூக்கினார்.

"அது இல்ல சார். இவரு ஒரு மாத்திரையும் முழுங்கல. எல்லாம் எங்கிட்டதான் இருக்கு."

முடிச்சை அவிழ்த்துப் படுக்கையில் கொட்டினாள். தொண்டை அடைப்பதையும் குழாய்ப் பயத்தையும் ஒரே மூச்சில் சொன்னாள். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைமை நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு மாத்திரைகளை எண்ண ஆரம்பித்தார்.

"ஏம்மா இத முன்னாடியே சொல்லல?"

"கேக்கலையே சார்."

பழைய விஷயம் டாக்டருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ, காது மடல் சிவந்துவிட்டது. கட்டில் கிழவரைச் சுமந்துகொண்டு தானாகவே இடத்துக்குப் போனது.

குழாய் போடவில்லை. மறுபடி பழைய குறைந்த அளவுக்கே வந்து, மாத்திரையைப் பொடித்து மசித்த பழத்தில் கலந்து, நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுத்தார்கள். சில நாளில் அழுத்தம் இறங்கியது. டிரைவர் அக்காவோடு இரண்டு நாள் பேசவில்லை. வீட்டுக்குப் போகும்போது மட்டும் அவள் பக்கம் வந்து, "நல்ல நேரத்துல பிரேக் அடிச்சீங்க" என்றார். அன்று மதியத்திலிருந்து மாப்பும் கையுமாக அக்கா வட்டத்துக்குள் நின்றாள். சுற்றறிக்கையை யாரும் திருத்தவில்லை.

ஏழு வருஷம் போனது. மகளுக்குப் பிரசவ வலி என்று ஒருநாள் அக்கா வட்டம் கூடுவதற்கு முன்பே ஓடிவிட்டாள். பேத்தி பிறந்து, மகள் கண்ணயர்ந்து, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது தெருவில் தூறல். ஒன்பதாம் கட்டில் வாசலில் நின்றது. மேலே பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் குடை பிடித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் அவசரமில்லக்கா" என்றார். காலையிலிருந்து அவர் தண்ணீர் ஜாடி குறையவே இல்லை, அதைச் சொல்லாமல் வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செருப்பை மாட்டினாள். சிக்னலில் போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்திவைத்தார். வார்டில் வட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். கட்டில் சொட்டச் சொட்ட உள்ளே வந்தது. பெரிய டாக்டர் அவள் பக்கம் கையை நீட்டினார்.

"பாத்து வாங்கக்கா, ஈரமா இருக்கு."