கை எடுக்காத கோடு

“தாடையைக் கொஞ்சம் தூக்கு. போதும். இனிமே திரும்பாதே.”

தையல்காரம்மா தாடையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பக்கவாட்டில் இருந்த கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்த கணவர், மடியிலிருந்த பலகையில் தாளைச் சரிசெய்யும் சத்தம் கேட்டது. ‘இனி வீட்டிலேயே வெச்சுப் பார்த்துக்குங்க’ என்று டாக்டர் சொல்லி அனுப்பிய மனுஷன். இரண்டு நாளாகப் பால்கூட உள்ளே இறங்கவில்லை. பேனா பிடிக்கிற ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

வேலை பார்த்த காலமெல்லாம் கட்டட வரைபடம் போட்டவர். ஸ்கேல் கையில் இருந்தால் ராஜா. அது இல்லாமல் ஒரு கோடு போடச் சொன்னால் கை வெடவெடவென்று நடுங்கும். ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த வீம்பு பிடித்தது. ஸ்கேலைத் தொடாமல், கையை எடுக்காமல், பெண்டாட்டியின் பக்கவாட்டு முகத்தை நெற்றியிலிருந்து கழுத்து வரை ஒரே கோட்டில் போட்டுவிட வேண்டும்.

“ஊர்ல வேற மூஞ்சியே கிடைக்கலையா?” என்று முதல் நாளே கேட்டாள்.

“கிடைக்கும். ஆனா இவ்வளவு நேரம் யார் சும்மா உக்காருவாங்க?”

அவள் மட்டும் சும்மாவா உட்கார்ந்தாள்? குக்கர் கூவினால் எழுந்து ஓடுவாள். வாய் வேறு ஓயாது. வாய் அசைந்தால் தாடை அசையும், தாடை அசைந்தால் கோடு போச்சு. அவர் பங்குக்கு அவரும் சின்னச் சின்னக் கீறலாகப் போட்டு ஒட்டவைத்துக்கொண்டே வருவார். கடைசியில் பார்த்தால் தாளில் ஒரு கம்பளிப்பூச்சி ஊர்ந்து போயிருக்கும். “இது என் மூக்கா, தண்ணிக் குழாயா?” என்பாள்.

ஒருநாள் பொறுக்காமல் சொல்லிவிட்டாள். “ஊசியையே பார்த்தா தையல் கோணிடும்ங்க. துணி போய்ச் சேர்ற இடத்தைப் பாருங்க.”

“தையலும் கோடும் ஒண்ணா?” என்று முறைத்தார். கொஞ்ச நாள் கழித்து, ஏதோ தானே கண்டுபிடித்தது போல மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தார். “பேனா முனையைப் பார்க்கவே கூடாதும்மா. போய்ச் சேர்ற இடத்தைப் பார்க்கணும். மணிக்கட்டு ஆடக்கூடாது, வீச்சு தோள்லேர்ந்து வரணும்.” தையல்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தாள்.

அதற்குப் பிறகு கோடு நீள ஆரம்பித்தது. திரும்பிப் பார்க்காமல் காதாலேயே கண்டுபிடித்துவிடுவாள். கிறுக் கிறுக் என்றால் கம்பளிப்பூச்சி. சர்ரென்று நீண்டால் நல்ல கோடு. ஆனால் எந்த நல்ல கோடும் மூக்கு நுனியைத் தாண்டியதில்லை. அங்கே பயந்து நின்றுவிடும்.

“இன்னிக்கு ஆடாம இரு. நான் சொல்றவரைக்கும் திரும்பாதே.” கட்டிலிலிருந்து மறுபடி குரல் வந்தது.

“சரிங்க.”

அவள் மனசில் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இந்த மனுஷன் இதைப் போட்டு முடிக்காமல் போகக்கூடாது. தான் அசைந்து கெடுத்துவிடவும் கூடாது.

மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, எதுக்குக் கையைக் காத்துல ஆட்டிக்கிட்டே இருக்கீங்க? என்ன வேணும்? அம்மா, அப்பாவுக்கு என்னமோ பண்ணுது.”

“ஒண்ணும் பண்ணலடி. தாளுக்கு மேலே வெறுங்கையை ஓட்டிப் பார்க்கிறார். கை பழகினாத்தான் பேனாவை வைப்பார். நீ பேச்சுக் கொடுக்காம போ.”

மகள் போனாள். அறை அமைதியானது. அப்புறம் சத்தம் வந்தது.

சர்ரென்று நெற்றி இறங்கியது. தையல்காரம்மா தன் முகத்திலேயே அதைப் பின்தொடர்ந்தாள். புருவத்துப் பள்ளம். மூக்கு. இங்கேதான் நிற்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நிற்கவில்லை. உதடுகளைத் தாண்டி, தாடையில் மெதுவாக வளைந்து, கழுத்தில் இறங்கிய பிறகுதான் ஓய்ந்தது.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சிரித்தால் உதடு கோணும் என்று அதையும் அடக்கினாள்.

“ஏங்க, ஆச்சா?” என்று வாயை அசைக்காமல் கேட்டாள்.

போட்டதைப் பார்த்து ரசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாளி காலியாகி அவள் உள்ளே போயும்விட்டாள். மூக்கு அரித்தது. தையல்காரம்மா சொறியவில்லை.

பேனா தரையில் விழுந்து, உருண்டு வந்து அவள் காலில் இடித்தது. பேனாவைக் கீழே போடுகிற ஆளில்லை அவர். அவளுக்குப் புரிந்துவிட்டது.

சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். “அப்பா, அப்பா” என்று தட்டி எழுப்பிப் பார்த்தாள்.

“அம்மா.” குரல் உடைந்தது. “அம்மா, இங்கே திரும்பும்மா.”

“கோடு எப்படி வந்திருக்கு? அதைச் சொல்லு முதல்ல.”

மகள் பலகையை எடுக்கும் சத்தம் கேட்டது. “எங்கேயும் விட்டுப் போகலம்மா. கழுத்து வரைக்கும் வந்திருக்கு.”

“மூக்கு?”

“உன் மூக்கேதாம்மா.”

தையல்காரம்மாவின் நெஞ்சு நிறைந்தது. கண்ணும் நிறைந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை.

“நீ போய்ச் சித்தப்பாவுக்கு போன் பண்ணு” என்றாள். “நான் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன். அவர் இன்னும் திரும்பச் சொல்லல.”

எதிர்வீட்டுக் கொடியில் ஈரத்துணிகள் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன. அவள் தாடையைத் தூக்கியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.