நெல்லையப்பன் போட்ட பணம்

குறும்படம் எடுக்க ஊராரிடம் பணம் கேட்டு நான் போட்ட வீடியோவில், மொட்டைத் தலையில் துண்டு கட்டிக் கட்டிலில் கிடந்த வடிவம்மாள், "மவனே, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போடே" என்றாள். வசனம் என்னுடையதுதான். ஆனாலும் அவள் சொன்னபோது, கேமராவுக்குப் பின்னால் நின்ற எனக்கே அது நடிப்பு என்பது மறந்துபோயிற்று.

வடிவம்மாளுக்கு ஒரு நோயும் கிடையாது. தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை துடைக்கிறாள். மொட்டை, படத்துக்காக அடித்தது. ஒரே மகன் நெல்லையப்பன் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் சுஜாவைக் கட்டியபோது, சாதியைச் சொல்லிக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டாள். அதிலிருந்து அவன் பேசுவதே இல்லை. உனக்கு வேண்டியதுதான் என்று நானே மனசுக்குள் அவளைத் திட்டியிருக்கிறேன்.

கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் கம்ப்யூட்டரைக் கட்டி அழுகிற எனக்கு அந்தப் படம்தான் உயிர். முதலில் பணம் கேட்டதற்கு ஈயடித்தது. பிறகு எந்தப் புண்ணியவானோ, 'இது குறும்படக் காட்சி' என்று நான் போட்டிருந்ததை வெட்டி எறிந்துவிட்டு, 'ஏழைத் தாய்க்குப் புற்றுநோய், உதவுங்கள்' என்று வாட்ஸாப்பில் சுற்ற விட்டான். பணம் கொட்டியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். உண்மையை எழுதிப் போட்டுவிட்டு, ஒவ்வொருவருக்காகத் திருப்பி அனுப்ப உட்கார்ந்தேன். அந்தப் பெயர்களுக்கு நடுவே நெல்லையப்பன் இருந்தான். ஐம்பதாயிரம் ரூபாய், கூடவே மஸ்கட் எண்.

லாட்ஜுக்கு ஓடினேன். வடிவம்மாள் பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"என் புள்ளையா? நெசமாவா மோளே? நீ கூப்பிடு. நான் பேசினா வச்சிருவான்."

அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், அம்மை உசிரோட இருக்காளா?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. "எந்த ஆஸ்பத்திரி? டிக்கெட் போட்டாச்சு. வியாழக்கிழமை வந்திருவேன்."

வடிவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. ஆனால் பதறித் துடிக்கிறவனை எப்படி அப்படியே விடுவது?

"பயப்படாதீங்கோ. அம்மாக்கு ஒண்ணும் இல்லை. அது சினிமாக்கு நடிச்சது" என்றேன்.



"அப்போ, வந்து பாத்துட்டுப் போன்னு சொன்னதும் நடிப்புதானா?"

"ஐயோ, அப்படி இல்லை..."

"சரி மேடம். நல்லா இருக்கட்டும். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிருதேன்."

வைத்துவிட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

வடிவம்மாள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். "அவன் வந்து பாத்த பொறவு சொல்லியிருக்கக் கூடாதா, மோளே?" என்றாள்.

நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள்தான் என் கையைப் பிடித்தாள்.

"அவன் காசை மட்டும் திருப்பி அனுப்பாதே, கேட்டியா. அதைக் கேக்கவாச்சும் கூப்பிடுவாம்லா."

மற்ற எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். படம் நின்றுபோயிற்று. வடிவம்மாளுக்கு முடி வளர்ந்து, கொண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. அந்த ஐம்பதாயிரம் என் கணக்கில் அப்படியே கிடக்கிறது. அவன் இன்னும் கேட்கவில்லை.