மஞ்சப் பலகைக்கு இந்தப் பக்கம்

...வயிறு சரியில்லன்னு சொல்லிட்டுக் காட்டுக்குள்ள போயிடலாம், ஒரு நிமிஷம் தானா ஓடிரும், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, வயித்துக்கு யாரு என்ன பண்ண முடியும்... சே, நாப்பத்தாறு வயசுல, பள்ளிக்கூடத்துல பரீட்சைக்குப் பயந்து பண்ண வேலையை இங்க வந்து பண்றதா, அதுவும் இத்தனை பேரு பாக்க? கிம்மோ டைம் கார்டைத் தொடை மேல வெச்சு உள்ளங்கையால அமுக்கிப் பிடிச்சிருந்தான், காத்துல பறந்துரும் போல, காருக்குள்ள ஏது காத்து, கண்ணாடியெல்லாம் ஏத்தி ரெண்டு பேரு மூச்சும் சேந்து உள்பக்கம் வேர்த்து நிக்குது. எதிர்ல மஞ்சப் பலகை, அதுல கடிகாரப் படம். அதைத் தாண்டி ஒரு மேசை, மேசைக்குப் பின்னாடி கம்பளிக் குல்லா போட்ட ஒரு அம்மா. தனக்குன்னு குறிச்ச நிமிஷத்துல கார்டை அந்தம்மா கையில குடுக்கணும், அவ்வளவுதான் வேலை. முந்தினாலும் தண்டனை, பிந்தினாலும் தண்டனை. ஒரு நிமிஷம் பிந்தினா பத்து வினாடி ஏத்திருவாங்க. பக்கத்துல ஸ்டீரிங் பிடிச்சிருக்கற நீலோ முன்னாடி இருக்கறதே ஏழு வினாடிதான். மூணு நாளா இந்தக் காட்டுல உயிரைக் குடுத்துச் சேத்த ஏழு வினாடி, அதுவும் சொந்த ஊரு ரேலி, சீசனோட கடைசி ரேலி, இன்னும் காட்டு ரோட்டுல ஒரே ஒரு ஸ்டேஜ் ஓட்டம் பாக்கி... அதைக் கவுக்க ஒரு விபத்து வேண்டாம், ஒரு டயர் வெடிக்க வேண்டாம், கிம்மோ இந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சும்மா நின்னாப் போதும்.

மத்தியானம் டயர் அடுக்குக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயி டீம் முதலாளி பெல்லாந்தி அதைத்தான் சொன்னாரு, காபிக் கப்பை ஊதிக்கிட்டே. ஏழு வினாடி பின்னாடி நிக்கற வானெஸ் இந்த ரேலியை ஜெயிச்சா உலகச் சாம்பியன், ரெண்டாவதா வந்தா ரெண்டே புள்ளியில அந்தப் போர்ச்சுகல்காரன் துவார்த்தே சாம்பியன். வானெஸும் நம்ம டீம் காரு, நீலோவும் நம்ம டீம் காரு, அப்புறம் என்ன... "நீலோகிட்ட நான் கேக்கப் போறதில்ல கிம்மோ. அவன் ஆக்சிலரேட்டர்லேர்ந்து கால எடுக்கற சாதியில்ல, கேட்டாலும் மாட்டான். கார்டு உன் கையிலதானே இருக்கு?" "நான் பிந்தினேன்னா காரணம் கேப்பாங்களே." "தப்பு யாருக்கும் நடக்கும். களைப்பு, மூணு நாளு தூக்கமில்ல... நம்ம டீம் சொல்லித்தான் நடந்துச்சுன்னு தெரிஞ்சா இந்த ஊரு ஜனங்க நம்ம கூடாரத்தையே கொளுத்திருவாங்க. ஆனா உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நீ இந்த ஊருப் பையன்." அப்படிச் சொல்லிச் சிரிச்சாரு பாரு ஒரு சிரிப்பு. அடுத்த வருஷம் செக் நாட்டுப் பொடியன் ஒருத்தன் வரானாம், அவன் பக்கத்துல உக்காந்து வழி வாசிக்க அனுபவசாலி வேணுமாம், மூணு வருஷ ஒப்பந்தம். அது நல்ல விஷயந்தானே? நல்ல விஷயந்தான். ஆனா அதுக்கு விலை என்னன்னா, நேரத்துக்குக் கார்டு குடுக்கத் தெரியாதவன்னு பேரு. இந்தத் தொழில்ல டிரைவர் மரத்துல மோதலாம், ஏரிக்குள்ள விடலாம், மறு வாரமே கை தட்டுவாங்க. பக்கத்து சீட்டுக்காரன் கார்டைத் தப்பாக் குடுத்தான்னா அவன் சாகற வரைக்கும் அதைச் சொல்லித்தான் அறிமுகம் பண்ணுவாங்க... இவன்தான்பா அந்த ரேலியில... ஆமா, இவன்தான். தப்பும் நானே பண்ணணும், பழியும் நானே சுமக்கணும், பெல்லாந்தி கை மட்டும் சுத்தமா இருக்கும்.

"மிட்டாய் வேணுமா?" நீலோ கறுப்பு உப்பு மிட்டாய் டப்பாவை நீட்டினான். கிம்மோ ஒண்ணு எடுத்து வாயில போட்டான், நாக்கெல்லாம் உப்பு. சொல்லிடலாமா, இப்பவே, நீலோ, இந்த மாதிரி பெல்லாந்தி சொன்னாருடான்னு... எங்க சொல்றது, தலைக்கு மேல கேமரா, அதுல சிவப்புப் புள்ளி எரிஞ்சிக்கிட்டே இருக்கு, பக்கத்துலயே மைக், இந்தக் காருக்குள்ள தும்மினாலும் லிஸ்பன்ல ஒருத்தன் சோபாவுல உக்காந்து கேப்பான். வெளிய இழுத்துட்டுப் போயி சொல்லலாம்னா மரத்துக்கு ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கறான். அது கிடக்கட்டும்... நிஜமாவே சொல்ல முடியாததுக்கு அதுவா காரணம்? பதினாலு வருஷம் ஒரே தகர டப்பாவுல உக்காந்திருக்கோம், இவன் குறட்டை தெரியும், இவன் கல்யாணத்துக்கு முந்தின நாள் அழுதது தெரியும், போலந்துல காரு தலைகீழாத் தொங்கினப்போ இவன் முதல்ல கேட்டது "குறிப்புப் புத்தகம் பத்திரமா?"ன்னுதான், அப்புறம்தான் "நீ பத்திரமா?" அதுக்கு எவ்வளவு நாள் சிரிச்சோம். அப்படிப்பட்டவன் அடுத்த வருஷம் துவார்த்தே டீமுக்குப் போறான்னு வியாழக்கிழமை காலைல பேப்பரைப் பாத்துத்தான் கிம்மோவுக்கே தெரியும். சரி, போகட்டும், டிரைவர்னா டீம் மாறுவான். ஆனா "நீயும் வா"ன்னு ஒரு வார்த்தை? வரலயே. வியாழன் போச்சு, வெள்ளி போச்சு, சனி ராத்திரி ரெண்டு பேரும் ஒரே சானாவுல, நீராவி ரூம்ல, உக்காந்து வேர்த்தோம், தண்ணியைக் கல்லு மேல ஊத்திக்கிட்டே கிம்மோ காத்திருந்தான், இப்பச் சொல்வான், இப்பச் சொல்வான்னு, நீலோ என்னடான்னா "நாளைக்கு மழை வருமா?"ங்கறான். மழையாம். அந்த டீம்ல வேற ஆளைப் பாத்து வெச்சிருப்பாங்க, சின்னப் பையனா, குறைஞ்ச எடையா. அதைச் சொல்ல வாய் வரல இவனுக்கு. அப்ப எனக்கு மட்டும் எதுக்கு வரணும்? நீ உன் வழியைப் பாத்துக்கிட்டே, நான் என் வழியைப் பாத்துக்கறேன், ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம்... அய்யோ, ஆனா இது அவன் ஊரு, அவன் காடு, அவன் இங்க ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல.

வானெஸோட காரு போயாச்சு, சத்தம் மரங்களுக்குள்ள கரைஞ்சு போச்சு. கடைசியா ஓட்டறவன் நீலோதான். கிம்மோ கதவைத் தொறந்து இறங்கினான், பனி விழுந்த ஊசியிலை வாசனை மூக்குல குத்திச்சு, கூடவே எவனோ சுடற சாசேஜ் வாசனை. மரத்துல தொத்திக்கிட்டிருந்த ஒருத்தன் கத்தினான், "நீலோ! அடுத்த வருஷம் எவனுக்கு வேணா ஓட்டு, இன்னிக்கு எங்களுக்கு ஓட்டுடா!" இன்னொருத்தன், "துவார்த்தே எவ்வளவு குடுத்தான்?" கூட்டமே சிரிச்சுது. ஆமால்ல... நீலோ ஜெயிச்சா துவார்த்தே சாம்பியன், அடுத்த வருஷ டீமுக்கு இந்த வருஷமே கப்பு. ஜெயிச்சா துவார்த்தேவுக்கு வித்தவன்னு சொல்வாங்க, தோத்தா பெல்லாந்திக்கு வித்தவன்னு சொல்வாங்க. இது கிம்மோவுக்கு இதுவரைக்கும் தோணவே இல்ல, மூணு நாளா தன் புண்ணையே நக்கிக்கிட்டு இருந்ததுல நீலோ எப்படி இருக்கான்னு பாக்கவே இல்ல... பாத்தா மட்டும் என்ன தெரியும், அந்த முகத்துல என்னைக்கு எது தெரிஞ்சிருக்கு. மேசை அம்மா கூப்பிட்டாங்க, "ஏம்ப்பா கிம்மோ, என்ன மூஞ்சி புளிச்ச மோராட்டம் இருக்கு?" "ஒண்ணுமில்லக்கா, குளிரு." "நல்லா ஓட்டச் சொல்லு அவனை. நீலோ தோத்தா துணியோட ஏரியில குதிக்கறேன்னு எங்க வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு, தண்ணி எப்படி ஜில்லுனு இருக்குன்னு உனக்கே தெரியும், எனக்கிருக்கறது ஒரே ஒரு புருஷன்." கிம்மோ சிரிச்சான், சிரிப்பு எங்கேயோ வேற ஆளோட வாயிலேர்ந்து வந்த மாதிரி இருந்துச்சு.

மேசை மேல கடிகாரம். நீலோ காருக்குக் குறிச்ச நிமிஷம் பொறந்துச்சு. நீலோ காரைப் பலகை தாண்டி உருட்டிக் கொண்டாந்து நிறுத்திட்டான், இனிமே கார்டை நீட்ட வேண்டியதுதான். கிம்மோ நீட்டல. கார்டு கையிலேயே இருந்துச்சு, விரலு மடங்கிப் போயி இறுகிக் கிடந்துச்சு. அந்தம்மா கையை நீட்டிட்டு நிக்கறாங்க, "குடுப்பா." இருங்கக்கா, பேனா... பேனா எங்க வெச்சேன்... எதுக்குப் பேனா, அவனுக்கே தெரியல, பாக்கெட்டைத் தடவறான், வினாடி ஓடுது, இப்படித்தான் நடக்கும் போல, பெரிய முடிவெல்லாம் எடுக்க வேண்டியதில்ல, பாக்கெட்டைத் தடவிக்கிட்டே இருந்தாப் போதும்... "ஏம்ப்பா, நேரம் போகுது!" அந்தக் குரல்ல ஒரு பதட்டம், நிஜமான பதட்டம், அவங்களுக்கு இதுல ஒரு காசு லாபமில்ல, விடிகாலைலேர்ந்து குளிர்ல நிக்கறாங்க, அவங்க பதறுறாங்க. கை தானா நீண்டுச்சு. அந்தம்மா வாங்கி, எழுதி, திருப்பிக் குடுத்தாங்க. சரியான நிமிஷம். அவ்வளவுதான், முடிஞ்சுது. செக் பொடியன் போனான், மூணு வருஷம் போச்சு, சம்பளம் போச்சு. காருக்கு நடந்து வரும்போது நெஞ்சுக்குள்ள எங்கேயோ ஒரு கதவு தொறந்த மாதிரி... நான் பண்ணல. நீலோ, உனக்குத் தெரியவே போறதில்ல, ஆனா நான் பண்ணல. உள்ள வந்து பெல்ட்டை இறுக்கினான், ஹெல்மெட்டை மாட்டினான். "ஆச்சா?"ன்னான் நீலோ. "ஆச்சு. சரியான நேரம்." நீலோ முன்னாடியே பாத்துக்கிட்டிருந்தான். ஹெல்மெட்டு மைக் வழியா அவன் மூச்சு மட்டும் கேட்டுது.

விளக்கு மாறுச்சு, காரு பாஞ்சுது. கிம்மோவுக்கு ரோடு தெரியாது, அவ்வளவு தாழ்வா உக்காந்திருக்கான், மர உச்சியும் வானமும்தான், மத்ததெல்லாம் குறிப்புப் புத்தகத்துல எழுதியிருக்கறதும் சீட்டு முதுகுல குத்தறதும். வலது அஞ்சு, நூறு, மேடு முழுசு, இடது நாலு வெட்டாதே... நம்பர் குறையக் குறைய வளைவு கூர்மை, நூறுன்னா நூறு மீட்டர்... வாசிக்க வாசிக்க மனசு லேசாச்சு, இந்த இடத்துல மட்டும்தான் யோசிக்க முடியாது, யோசிச்சா மரம். மேடு முழுசு. முழுசுன்னா கால எடுக்காம முழுசா அமுக்கறது, நீலோவே சொல்லி எழுத வெச்சது... தோளுல பெல்ட்டு இழுத்துச்சு. இஞ்சின் சத்தம் ஒரு படி எறங்கி மறுபடி ஏறிச்சு. நீலோ கால எடுத்துட்டான். கல்லா? ஈரமா? வலது ஆறு, முழுசு, அறுபது... மறுபடியும் இழுத்துச்சு. காரு நல்லாத்தான் இருக்கு, எந்தச் சத்தமும் இல்ல. தப்பு பண்ணினா நீலோ கெட்ட வார்த்தை சொல்லுவான், பதினாலு வருஷமா அந்தக் கெட்ட வார்த்தை வராம ஒரு தப்பும் நடந்ததில்ல, இப்ப மூச்சு மட்டும், நிதானமான, எண்ணி விடற மூச்சு. இவனா எடுக்கறான். வேணும்னே. யாரு கேட்டது? "நீலோகிட்ட நான் கேக்கப் போறதில்ல"ன்னாரே அந்தாளு... இவன்கிட்டயும் கேட்டுட்டாரா, ஒரே கதவுக்கு ரெண்டு பூட்டா? என்ன குடுக்கறேன்னாரு இவனுக்கு? இல்ல, யாருமே கேக்காம, வித்தவன்னு ஊரு சொல்லிடுமேன்னு இவனாவே... இடது மூணு, இறுகும்... கேக்கலாம்னா வாய்ல ரோடு இருக்கு, ஒரு வார்த்தை கேட்டா ஒரு வளைவு போச்சு, ரெண்டு வார்த்தை கேட்டா ரெண்டு பேரும் போனோம். மேல சிவப்புப் புள்ளி. அப்பத்தான் அவனுக்கு உறைச்சுது, தன் குரல் வெளிய போகுது, உலகமே கேக்குது, கிம்மோ முழுசுங்கறான், நீலோ கால எடுக்கறான், கிம்மோ மறுபடி முழுசுங்கறான்... தன் வாயே இவனைக் காட்டிக் குடுக்குது. அடுத்தது பெரிய மேடு. எழுதியிருக்கறது முழுசு, கோடு வேற போட்டிருக்கு. கண்ணு அதைத்தான் பாத்துச்சு, வாயி "மேடு, அஞ்சு, பாத்து"ன்னுச்சு. நீலோ கால எடுத்தான். குறிப்பு அப்படி, அதனால எடுத்தான், கேக்கறவனுக்கு அப்படித்தான் தெரியும். தப்பா வாசிச்சது கிம்மோ. மேசைக்கு முன்னாடி பண்ண மாட்டேன்னு பண்ணாம வந்த தப்பு, யாரும் கேக்காமலே, யாருக்குன்னே தெரியாம, இவ்வளவு சுளுவா வருதே... நீலோவோட மூச்சு ஒரு தடவை நின்னு, திரும்ப ஆரம்பிச்சுது. அடுத்த வரி, வலது ஆறு, முழுசு, நூத்தம்பது. கிம்மோ "வலது அஞ்சு, பாத்து, நூத்தம்பது"ன்னான்.